பேசுபவர் பெயர்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, சித்திரை மாதத்து ஒரு காலையில், ரூபி அந்த நூல் மில்லின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். வடமதுரையைத் தாண்டி, திருச்சி ரோட்டை விட்டு விலகி, காய்ந்த சோளக்காடுகளுக்கு நடுவே போகும் மண்பாதையின் கடைசியில் இருந்தது மில். ஒரு தோளில் கேமரா பை, மறு தோளில் அதை நிறுத்தும் முக்காலி. கூட வந்த மதியழகன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஆர்டர் மட்டும் நல்லபடியா முடியட்டும் ரூபி. ஆபீசுக்கு ஏசி போட்டுரலாம்."

இதற்கு முந்தைய ஆர்டருக்கும் அவர் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தையதற்கும். ரூபி தலையாட்டி வைத்தாள்.

மதியழகனின் கம்பெனி திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மில்களுக்கும் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எழுதிக் கொடுத்த பிறகு, "நாங்க இதையா கேட்டோம்?" என்று எல்லோரும் சண்டைக்கு வருவதில் மனிதர் நொந்துபோயிருந்தார். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை ஆரம்பிக்கும் முன் மேனேஜர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று பேசவிட்டு, அத்தனையையும் வீடியோ எடுத்துவிடுவது. அந்த வீடியோவைப் பிரித்து மேய்வதற்கென்றே ஒரு மென்பொருளையும் எழுதினார். அதற்குச் 'செவி' என்று பெயர் வைத்தார்.

செவியின் வேலை இதுதான். வீடியோவில் யாரும் பேசாத இடங்களைத் தானாகவே வெட்டித் தள்ளிவிடும். பேச்சு இருக்கும் இடங்களைத் துண்டு துண்டாக எடுத்து வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'பேசுபவர் பெயர்' என்று கேட்கும். பெயரைக் கொடுத்தால்தான் அடுத்த துண்டுக்குப் போகவிடும். கடைசியில் எழுதும் தேவைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு முகமும் ஒரு குரலும் இருந்தாக வேண்டும். யாரும் வாய் திறந்து சொல்லாத எதையும் மதியழகன் பட்டியலில் சேர்க்க மாட்டார். அது அவருடைய சட்டம். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பெயர் கொடுக்கும் வேலை ரூபிக்கு. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் ஓடியிருப்பார்கள். ரூபிக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு எதுவும் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. போன வருஷம் அவளுடைய தம்பி டோனி கொடைரோட்டில் பைக்கோடு லாரிக்கு அடியில் போனான். அன்றைக்கு மரத்த மனசு மரத்ததுதான். அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம் அழுதது. இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவளுடைய அம்மா அல்போன்சா, "ஏடி, ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுரு டி" என்று கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

மில்லின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். உயரமான ஓட்டுக்கூரை, அழுக்கேறிய சுவர், மெதுவாகச் சுற்றும் மின்விசிறிகள். எத்தனையோ வருஷத்துச் சாம்பார் வாசனையும் பஞ்சுத்தூசி வாசனையும் சேர்ந்து சுவரில் ஊறியிருந்தன. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் அதிகம், நாற்காலிகள் குறைவு. பின்னால் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனாலும் முதல் வரிசையின் ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

ரூபி கேமரா பையை அதில் வைக்கப் போனாள்.

"அதுல வைக்காதீங்கம்மா. ஆளு இருக்கு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரன். ஐம்பது வயது மனிதர், புளோரூம் தொழிலாளி. பொதி பொதியாக வரும் பஞ்சை உடைத்து, அடித்து, தூசி பிரிக்கும் இடத்துக்குத்தான் அங்கே புளோரூம் என்று பேர்.

யாரோ வெளியே போயிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று ரூபி பையைத் தரையில் வைத்தாள்.

கூட்டம் வழக்கம்போல எங்கெங்கோ போனது. கேன்டீன் இட்லி கல்லாக இருக்கிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்கும் இட்லிக்கும் என்ன சம்பந்தம் என்று மேனேஜர் பொன்னுத்துரை எரிந்து விழுந்தார். மதியழகன் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"இனிமே புளோரூம் மெஷினை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம். ஒரு பட்டனை அமுக்குனா போதும். அங்க ஆள் போய் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டியதே இல்ல. இதைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

கூடம் அமைதியானது. மின்விசிறியின் கிரீச்சென்ற சத்தம் மட்டும் கேட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்ற ரூபிக்குப் பீடி வாசனை வந்தது. சுற்றிப் பார்த்தாள். யார் கையிலும் பீடி இல்லை. பஞ்சு மில்லுக்குள் யாரும் பீடி பற்றவைக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

மதியழகன் காத்திருந்து பார்த்தார். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம். நல்லது."

கூட்டம் கலைந்தபோது ஒரு பெண் ரூபியிடம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஆம்பிளைத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள். கிட்டே வந்தபோது தலையில் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. மூக்காயி என்று சட்டையில் குத்திய அட்டையில் எழுதியிருந்தது.

"பேசுனதெல்லாம் படத்துல விழுந்துருச்சா தாயி?"

"விழுந்துருச்சுக்கா."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

மூக்காயியின் முகம் தெளிந்தது. பாரம் இறங்கியவளாக வேலைக்குத் திரும்பிப் போனாள்.

*

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், மாடி ஆபீசில் ரூபி அந்த வீடியோவைச் செவியில் ஏற்றினாள். கீழே பிரியாணிக் கடையில் சோறு தம்மில் இருந்தது. மதியழகன் சாப்பிடப் போயிருந்தார்.

இட்லிக்காரருக்குப் பெயர் கொடுத்தாள். எரிந்து விழுந்ததற்குப் 'பொன்னுத்துரை' என்று கொடுத்தாள். இப்படியே வந்து, மதியழகன் கேள்வி கேட்ட இடத்தையும் தாண்டினாள். அடுத்த துண்டு வந்தது.

பேச்சே இல்லாத துண்டு.

அந்த அமைதியைச் செவி வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. திரையின் அடியில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பச்சைக்கோடு ஒன்று ஓடும். அமைதி என்றால் அது படுத்துக் கிடக்கும். இப்போது எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் பேசுகிற மாதிரியே கொஞ்சம் ஏறி, இறங்கி, மூச்சு வாங்க நின்று, மறுபடி ஏறியது.

ஹெட்போனில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

'பேசுபவர் பெயர்' என்று கேட்டுவிட்டுக் கட்டம் காத்திருந்தது.

ரூபி ஒலியை முழுக்கக் கூட்டினாள். ஒன்றுமில்லை. அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் கேமராவைக் கவனித்தவள் முகங்களைக் கவனித்திருக்கவில்லை. தொழிலாளிகள் ஒருவர்கூட மதியழகனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

பச்சைக்கோடு நின்ற இடத்தில் வீரன் தலையை ஆட்டினார். கோடு மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று பேர் லேசாகச் சிரித்தார்கள், யாரோ நடுவில் ஒரு கேலி சொன்னதுபோல. மூக்காயி மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொன்னுத்துரையும் மதியழகனும் கேள்விக்குப் பதில் வராதவர்களின் முகத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரூபிக்குப் பயம் வரவில்லை. பயம் வரவேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது. வேலை நிற்கிறதே என்று, பெயர்க் கட்டத்தில் 'மின்விசிறி' என்று அடித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் கட்டம் மறுபடி காலியாக இருந்தது.

பேசுபவர் பெயர்?

மறுபடியும் அடித்தாள். மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால், கட்டம் காலி. சலிப்போடு அந்தத் துண்டைத் தன் கையாலேயே வெட்டித் தூக்கிப் போட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது பழைய இடத்தில் இருந்தது. முன்னைவிட நீளமாக இருந்த மாதிரியும் இருந்தது.

மறுபடி ஓட்டினாள். இந்த முறை நாற்காலியை மட்டும் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் வளைந்தது. யாரோ பேசி முடித்துச் சாய்ந்து உட்கார்ந்தால் வளைவது மாதிரி.

பிறகு நிமிர்ந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். காதில் வைக்கும் பஞ்சுறையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். சுத்தம் செய்யாத, விதைத்தோல் கலந்த பச்சைப் பஞ்சு. கீழே இருந்து வந்துகொண்டிருந்த பிரியாணி வாசனை நின்றுபோயிருந்தது. அறை முழுக்கப் பீடி வாசனை.

"சார், இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் மதியழகன் வந்ததும்.

அவர் குனிந்து பார்த்தார். "ஃபேன் சத்தம் ரூபி. கோடு அதுக்குத்தான் ஆடுது. நானே இதைச் சரி பண்ணணும்."

"எல்லாரும் அந்தச் சேரையே பாக்குறாங்க சார்."

"மேனேஜர் மூஞ்சியைப் பாக்கப் பயந்து வேற எங்கயாச்சும் பாத்திருப்பாங்க. வெள்ளிக்கிழமை பொன்னுத்துரை சார் கையெழுத்துப் போடணும். சந்தேகமா இருந்தா மில்லுக்கே போய் யாரு பேசுனான்னு கேட்டுட்டு வந்துரு. சும்மா மண்டையப் போட்டு ஒடைக்காத."

*

ஷிப்ட் மாறும் நேரத்தில் ரூபி மில் எதிரில் இருந்த டீக்கடையில் காத்திருந்தாள். வீரனும் மூக்காயியும் சேர்ந்தே வந்தார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு பூத்திருந்தது. வீரன் அவளுக்கும் ஒரு டீ சொன்னார்.

"அன்னைக்கு சார் மெஷினைப் பத்திக் கேட்டாருல்ல. அதுக்கப்புறம் யாரு பேசுனதுன்னு தெரியணும்ணே. பேர் போடணும்."

வீரன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானம்மா படம் புடிச்சீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"குரல் சரியா விழல."

"பொம்மையண்ணன்தான். வேற யாரு பேசுவா?"

பக்கத்தில் நின்ற மூக்காயி, "என் வீட்டுக்காரரு" என்றாள் சாதாரணமாக.

பொம்மையன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீரன் தணிந்த குரலில், மில் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புளோரூம் மெஷினில் பஞ்சு சிக்கிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன் தன் துண்டை ஸ்டார்ட்டர் பெட்டி மேல் தொங்கவிட்டுப் போவது வழக்கம். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். யார் தொங்கவிட்டாரோ அவரே வந்து எடுக்க வேண்டும். அடுத்தவர் துண்டை எவனும் தொடமாட்டான். எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனால் மில் திறந்த நாளில் இருந்து அப்படித்தான்.

"அன்னைக்கு நூலு பத்தலன்னு மேனேஜர் வந்து கத்துனாரு. எவன் துண்டுடா இதுன்னு எடுத்து வீசிட்டுச் சுவிட்சைப் போட்டுட்டாரு." வீரன் டீயை வாயில் வைத்துவிட்டு எடுத்தார். "அண்ணன் குடிச்சிருந்துச்சுன்னு கேசை முடிச்சாங்க. அது வாழ்க்கையில குடிச்சதில்ல. பீடி மட்டுந்தேன். அதுவும் வெளிய வந்து."

ரூபி மூக்காயியின் தோளைப் பார்த்தாள்.

"அதே துண்டுதான் தாயி. இப்ப அவரு வேலையத்தான் நான் பாக்குறேன். எறங்கும்போது இதைத்தான் தொங்க விடுறது."

"அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"வேற என்ன சொல்லப்போறாரு. கம்ப்யூட்டரு துண்டைப் பாக்குமாய்யா, அதுக்குக் கண்ணு இருக்கான்னு கேட்டாரு. உள்ள ஆளு இருந்தா அது ஓடக்கூடாது, அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் மத்ததப் பேசுங்கன்னாரு. நாங்க வேற என்னத்தச் சொல்ல? எல்லாத்தையும் அவரே சொல்லிட்டாரு. அதான் படமும் புடிச்சாச்சே."

ரூபிக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லியாயிற்று, கேமராவிலும் ஏறிவிட்டது என்ற நிம்மதியில் இவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். இவர்கள் வாயே திறக்கவில்லை, அதனால் சம்மதம் என்று அந்தப் பக்கம் எழுதியாயிற்று.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை கேமரா முன்னால சொல்லுங்க. இப்பவே எடுத்துக்கிறேன்."

வீரன் எழுந்துவிட்டார். "அண்ணன் சொன்னதுக்கு மேல நான் என்னம்மா சொல்றது? மேனேஜர் பாத்தா நாளைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவாரு. எம்மவ கல்யாணத்தை வச்சிருக்கேன்."

அவர் போன பிறகு ரூபி மூக்காயியிடம் கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு எப்படி அவர் பேசுறது கேக்குது? எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

மூக்காயி புருவத்தில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"தெரியல தாயி. கேக்குது."

*

ஆபீசுக்கு வந்ததும் ரூபி தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள். 'உள்ளே இறங்கிய ஆள் வெளியே வந்து, தன் கையாலேயே அனுமதி கொடுக்கும் வரை, கம்ப்யூட்டரில் இருந்து மெஷினை ஓட்ட முடியக் கூடாது.' அதற்கு ஆதாரமாக அந்த அமைதியான துண்டை இணைத்தாள். செவி பெயர் கேட்டது. 'பொம்மையன்' என்று கொடுத்தாள்.

இந்த முறை பெயர் அழியவில்லை.

மதியழகன் மறுநாள் பட்டியலைத் திருத்திக்கொண்டு வந்தவர் அந்த வரியில் நின்றார். இணைத்த துண்டை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"இதுல யாரும் பேசவே இல்லையே ரூபி. யாரு இந்தப் பொம்மையன்? வந்தவங்க பேர்ல அப்படி ஒரு ஆளே இல்ல."

ரூபி திரையில் தெரிந்த காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"வரி என்னமோ நல்ல வரிதான். நான் இல்லைங்கல. ஆனா புதுசா ஒரு பெட்டி வைக்கணும், வயர் இழுக்கணும், பொன்னுத்துரை சார் குதிப்பாரு. யாரு கேட்டா, காட்டுன்னுவாரு. நான் எதைக் காட்டுறது? யாராச்சும் சொன்னாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லு."

நான் சொல்கிறேன், என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவள் தொண்டை வரை வந்தது. தொண்டைக்கு மேல் எல்லாம் மரத்துக் கிடந்தது. வாதாட வேண்டும், பொன்னுத்துரை முன்னால் நிற்க வேண்டும், யாரோ ஒருத்திக்காகப் பதற வேண்டும். அதற்கெல்லாம் உள்ளே ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமே.

"யாரும் சொல்லல சார்."

மதியழகன் அந்த வரியை அழித்தார். அன்று சாயங்காலம் ரூபி வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, அம்மா வைத்த சோற்றையும் வெஞ்சனத்தையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதில் ருசியும் இல்லை, உறுத்தலும் இல்லை.

*

வைகாசியில் சோதனை ஓட்டம். மேனேஜர் அறையில் புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டிருந்தார்கள். ரூபி ஒரு மூலையில் கேமராவை நிறுத்தினாள். காலை ஷிப்ட் முடிந்து, அடுத்த ஷிப்ட் ஆரம்பிக்கும் இடைவெளி. மில் அடங்கியிருந்தது.

"பாப்பா கையால ஆரம்பிக்கட்டும்" என்றார் பொன்னுத்துரை குஷியாக. "பொம்பளப் புள்ள கை ராசியான கை."

ரூபி கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"புளோரூம்ல யாரும் உள்ள இல்லையே சார்?"

"ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் போயாச்சும்மா. உள்ள என்ன, பூனையா இருக்கப் போகுது? அமுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவளுக்காக அமைதியாக நின்றார்கள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ரூபி தற்செயலாகக் கேமராவைப் பார்த்தாள். அதன் சின்னத் திரையின் ஓரத்தில், வெளியே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று காட்டும் பட்டைகள் உண்டு.

அவை ஏறிக்கொண்டிருந்தன.

பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போயின.

மஞ்சளைத் தாண்டிச் சிவப்புக்குப் போய், அங்கேயே நின்று துடித்தன. இந்த அமைதியான அறைக்குள், கேமராவுக்கு வெகு பக்கத்தில் நின்றுகொண்டு, யாரோ அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பீடி வாசனை வந்தது.

"என்ன ரூபி, அமுக்கும்மா" என்றார் மதியழகன்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் தன் வேலையைச் செய்தது. தூரத்தில் புளோரூம் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பட்டைகள் சட்டென்று அடியில் விழுந்து, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை, கைதட்டலுக்குக்கூட.

மூக்காயி சிக்கின பஞ்சை எடுத்துவிட்டுப் போகலாம் என்று கடைசியாக உள்ளே இறங்கியிருந்தாள். ஸ்டார்ட்டர் பெட்டி மேல் அவள் புருஷனுடைய துண்டு தொங்கியபடியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

*

கேஸ், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடிந்தது. பொன்னுத்துரை அப்படியேதான் இருந்தார். மதியழகன் மட்டும் ஆள் இளைத்துவிட்டார். செவியைத் திறக்கவே அவருக்குக் கை வரவில்லை. ரூபியிடம் ஒரே ஒரு தடவை, "நம்மகிட்ட யாரும் சொல்லலையேம்மா" என்றார். அவள் அழவில்லை. தன் வலது கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிடுகிறவளை அல்போன்சா பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஐப்பசியில் மில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று மறுபடியும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டுமாம். மதியழகன் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். ரூபிதான், "போவோம் சார்" என்றாள்.

அதே சாப்பாட்டுக் கூடம். வெளியே மழை பிடித்திருந்தது. ஓட்டுக்கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பின்னால் நிறையப் பேர் நின்றார்கள். முதல் வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றில் உட்காருங்கள் என்று ரூபி யாரிடமும் சொல்லவில்லை.

கேமராவை ஓடவிட்டாள். வீரன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியழகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நடந்தது நடந்து போச்சு. இனிமே இப்படி நடக்கக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

யாரும் வாய் திறக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள்.

முதலில் பீடி வாசனை வந்தது. அதோடு தேங்காயெண்ணெய் வாசனையும் வந்தது.

ரூபியின் பிடரியில் மயிர் எழுந்தது. ஒன்றரை வருஷமாக ஒன்றையும் உணராத உடம்பு கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. பயமாக இருந்தது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி பயமாக இருந்தது. முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, மழைக்கு நடுவே, ஒரு எட்டுத் தூரத்தில், தெளிவாகக் கேட்டது.

"எழுதிக்க தாயி."

ரூபியின் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. ஒரு காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்து, குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி எழுதி, தலையை ஆட்டி, காத்திருந்து, அடுத்த வரியை எழுதினாள்.

மதியழகன் அவளை ஒரு கணம் விநோதமாகப் பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னுத்துரை கொட்டாவி விட்டார்.

"சரி, யாரும் ஒண்ணும் சொல்லல" என்று மதியழகன் கைகளைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "அப்ப நாம அடுத்ததுக்கு..."

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ரூபி, நாற்காலியில் இருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா இன்னும் பேசி முடிக்கல."